கண் மருத்துவம் முடிந்த பிறகு: பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்கும் குடும்பத்துக்கும் உதவி எங்கே இருக்கிறது

"இதற்கு மேல் மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ செய்யக்கூடியது எதுவுமில்லை" என்று கண் மருத்துவர் சொன்னதும், பெரும்பாலான பெற்றோர் அடுத்த கண் மருத்துவரைத் தேடிப் போகிறார்கள். இரண்டாவது கருத்து கேட்பது நியாயம்தான். அது நான்காவது, ஐந்தாவது என்று நீளும்போது ஓராண்டு, இரண்டாண்டு கரைந்துவிடுகிறது. குழந்தை தவழவும் பேசவும் பிறரோடு பழகவும் கற்கிற காலமும் அதுவே. மருத்துவர் சொன்னது கண்ணைப் பற்றி. குழந்தைக்குச் செய்ய வேண்டியது அப்போதுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் அதை அந்த அறையில் யாரும் சொல்வதில்லை.

உதவியே இல்லை என்பது பல இடங்களில் உண்மையான சிக்கல் அல்ல. குறைபார்வை மையம் ஒரு பக்கம், சிறப்பாசிரியர் ஒரு பக்கம், அரசுச் சலுகை வேறொரு அலுவலகம், மற்ற பெற்றோர் எங்கேயோ. இவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்லும் வேலை தாய் தந்தையின் தலையில் விழுகிறது. சில நாடுகளில் கண் மருத்துவமனைக்குள்ளேயே இதற்கென ஓர் ஊழியர் உட்கார்ந்திருப்பார். நோய் உறுதியான அன்றே குடும்பத்தோடு பேசி, எங்கெங்கே போக வேண்டும் என்று சொல்லி, கடிதமும் எழுதித் தருவார். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில், இந்த இழைகளைக் கையில் பிடித்துக்கொள்ளும் ஒரு ஆளைக் குடும்பம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் குழந்தை நல மருத்துவராக இருக்கலாம், சிறப்பாசிரியராக இருக்கலாம், இதே பாதையில் ஏற்கெனவே நடந்த இன்னொரு தாயாகவும் இருக்கலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நோயின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. இந்தக் குழந்தை எதைப் பார்க்கிறது, எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம், எந்த வெளிச்சத்தில் என்று கேளுங்கள். இது இப்படியே இருக்குமா, மோசமாகுமா? பரம்பரையாக வருவதா? இவற்றையெல்லாம் ஆசிரியருக்குப் புரியும் எளிய மொழியில் ஒரு பக்கக் கடிதமாக எழுதித் தர முடியுமா? கடைசிக் கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு, பயன் மிக அதிகம்.

காரணம், எண்கள் ஒரு பக்கத்தைத்தான் சொல்கின்றன. இரண்டு கண்களில் நன்றாகத் தெரியும் கண்ணிலும் பார்வை 3/60க்குக் குறைவாக இருந்தால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பார்வையின்மை என்கிறது. மற்றவர்கள் 60 மீட்டரிலிருந்து பார்க்கும் எழுத்தை 3 மீட்டருக்குப் போயும் பார்க்க முடியாத நிலை அது. ஆனால் ஒரே அளவு எழுதப்பட்ட இரண்டு குழந்தைகள் வீட்டில் முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள். ஒருத்திக்கு நடுப்பார்வை போய் ஓரப்பார்வை இருக்கும்; இடிக்காமல் ஓடுவாள், முகம் அடையாளம் தெரியாது. இன்னொருவனுக்குச் சுரங்கம் போல் நடுப்பார்வை மட்டும் இருக்கும். பொடி எழுத்தைப் படிப்பான், வாசல்படியில் தடுக்கி விழுவான். அவன் நடிக்கிறான் என்று பள்ளியில் சொல்வார்கள்.

எல்லாவற்றுக்கும் பொறுமை உதவாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிலவற்றில் ஒவ்வொரு வாரமும் கணக்கு. பிறவிக் கண்புரை பார்வையைத் தடுக்கும் அளவுக்கு இருந்தால் முதல் சில வாரங்களிலேயே அறுவை சிகிச்சை வேண்டும். தெளிவான உருவம் வந்து சேராவிட்டால் மூளையின் பார்வைப் பகுதி சரியாக வளராது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயைப் பிறந்த சில வாரங்களில் நடக்கும் பரிசோதனையில்தான் பிடிக்க முடியும். பிளாஷ் அடித்து எடுத்த படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அது விழித்திரைப் புற்றுநோயாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அப்புறம், காதையும் பரிசோதித்துவிடுங்கள். பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்குக் கேள்வித்திறன் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. கண்ணையும் காதையும் சேர்த்துத் தாக்கும் நோய்கள் உண்டு. இரண்டும் குறைந்த குழந்தைக்கு வேண்டிய பயிற்சியே தனி.

கண் நன்றாக இருந்தும் பார்க்காத குழந்தை

வளர்ந்த நாடுகளில் குழந்தைகளின் பார்வைக் குறைபாட்டுக்கு முதன்மையான காரணம் இன்று கண்ணில் இல்லை, மூளையில் இருக்கிறது. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைவது, குறைமாதப் பிறப்பு, தலைக்காயம், தொற்று என்று பல வழிகளில் இது வரும். மூளைவழிப் பார்வைக் குறைபாடு, சுருக்கமாக சிவிஐ. கண் பரிசோதனையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் குழந்தை தனியாக இருக்கும் பந்தைப் பார்க்கும், பொம்மைக் கூடைக்குள் இருக்கும் அதே பந்தைக் கண்டுபிடிக்காது. காலையில் தெரிந்தது மாலையில் தெரியாது. சத்தமான அறைக்குள் போனால் பார்வையே அணைந்தது போலாகிவிடும். அசையும் பொருளை எளிதாகக் கவனிக்கும், அசையாததை விட்டுவிடும்.

இந்தக் குடும்பங்கள்தான் மிக அதிகம் அலைகின்றன. "கண் சரியாக இருக்கிறது" என்று கண் மருத்துவர் அனுப்பிவிடுவார். "கவனக்குறைவு" என்று பள்ளி எழுதும். அடம், சோம்பல் என்று உறவினர் பேசுவார்கள். காரணம் தெரிந்ததும் செய்ய வேண்டியவற்றில் பல எளியவை: மேசையில் ஒரே ஒரு பொருள், பின்னால் வெற்றுத் துணி, ஒரு பக்கத்துக்குச் சில சொற்கள் மட்டும், பார்க்கும்போது பேச்சை நிறுத்துவது, களைத்தால் இடைவெளி. இவை இலவசம். யாராவது சொல்லித் தந்தால் மறுநாளே தொடங்கிவிடலாம். அந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு.

கைகள் பேசுகின்றன

முதல் ஆண்டில் குடும்பத்துக்குத் தேவைப்படும் உதவி பெரும்பாலும் கருவி அல்ல, குழந்தையைப் படிக்கக் கற்பது. 1960களில் அமெரிக்காவின் மிச்சிகனில் செல்மா ஃப்ரைபெர்க் என்ற உளப்பகுப்பாய்வாளர் பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைகளை அவர்களின் வீடுகளுக்கே போய்க் கவனித்தார். தாயின் குரல் கேட்டதும் அந்தக் குழந்தைகளின் முகம் பெரிதாக மாறவில்லை. சிலர் கேட்பதற்காக அப்படியே அசையாமல் இருந்துவிடுவார்கள். என்மேல் இதற்குப் பாசமே இல்லை என்று தாய் மெல்ல விலகிப் போகும் இடம் அது. ஃப்ரைபெர்க் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்கச் சொன்னார். விரல்கள் தாயின் கையைத் தேடின, துழாவின, விட்டுப்போன பொம்மையை நினைத்துக் காற்றில் அசைந்தன. அதைக் கவனிக்கத் தெரிந்ததும் பல தாய்மார்கள் குழந்தையிடம் திரும்பி வந்தார்கள்.

அவர் கண்ட இன்னொன்று, சத்தம் வரும் இடத்தை நோக்கிக் கையை நீட்டுவது இந்தக் குழந்தைகளுக்கு முதல் ஆண்டின் கடைசியில்தான் வருகிறது என்பது. பார்க்கும் குழந்தை அதற்குப் பல மாதங்கள் முன்பே கண்ட பொருளை எட்டிப் பிடிக்கும். எட்டிப் பிடிக்க ஒன்று இருந்தால்தானே தவழத் தோன்றும்? அதனால்தான் உட்காரத் தெரிந்த குழந்தை தவழாமல் மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது. காலில் கோளாறு எதுவும் இல்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அவருடைய உடன்பிறந்தவர்களிலேயே பார்வையற்றவர்கள் இருந்தார்கள். குழந்தை படுத்தால் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று பக்கமும் மேல்பக்கமும் மூடிய ஒரு சிறு பெட்டி. அதில் கரண்டி, தூரிகை, சங்கிலி, மணி என்று வெவ்வேறு சத்தமும் தொடுவுணர்வும் கொண்ட பொருள்கள் தொங்கும். முக்கியமான விஷயம், அவை இடம் மாறாது. நேற்றுத் தட்டியது இன்றும் அங்கேயே இருக்கும். பொருள்களுக்கு நிலையான இடம் உண்டு என்பதைக் கண்ணால் அறிய முடியாத குழந்தை அதைக் கையால் அறிந்துகொள்கிறது. ஓர் அட்டைப் பெட்டியையும் வீட்டுச் சாமான்களையும் வைத்து இதை யாரும் செய்யலாம், சிறு பொருள் வாய்க்குள் போகாமலும் கயிறு கழுத்தில் சுற்றாமலும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டால்.

வீட்டில் பழகிக்கொள்ள வேண்டிய சின்ன விஷயங்கள் பல. தூக்குமுன் "தூக்கப்போகிறேன்" என்று சொல்வது. குழந்தையின் கையை மேலிருந்து பிடித்து எதையாவது தொடவைக்காமல், உங்கள் கையை அதன் கைக்கு அடியில் கொடுத்து, அது விரும்பினால் நழுவித் தொடும்படி விடுவது. பிளாஸ்டிக் மாட்டைக் கொடுத்து "மாடு" என்றால் அதற்கு மாடு என்பது கையளவு வழவழப்பான ஒன்று. ஒருமுறையாவது உண்மையான மாட்டின் மூச்சும் ரோமமும் உயரமும் தெரிய வேண்டும். கண்ணை அமுக்கிக்கொண்டே இருந்தால் திட்டுவதால் நிற்காது, கைக்கு வேலை கொடுத்தால் குறையும். வெளிச்சமே உணராத குழந்தைகள் சிலருக்கு உடலின் கடிகாரம் நகர்ந்துகொண்டே போவதால் இரவு பகலாகிவிடும். அது வளர்ப்புக் குறை அல்ல. மருத்துவரிடம் சொன்னால் வழி இருக்கிறது.

கொஞ்சம் பார்வை இருந்தால்

பார்வையற்ற குழந்தை என்று சொல்லப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ கொஞ்சம் பார்வை உண்டு. அவர்களுக்குக் குறைபார்வை மையம்தான் முதல் இடம். உருப்பெருக்கி, தூரத்துப் பலகையைப் பார்க்கும் சிறு தொலைநோக்கி, சாய்ந்த படிப்புப் பலகை, வெளிச்சம் கூசுவோருக்கு நிறக் கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் குழந்தையின் கையில் கொடுத்துப் பார்த்துத் தேர்வார்கள். இங்கே இரண்டு பழைய நம்பிக்கைகளை உடைக்க வேண்டியிருக்கிறது. புத்தகத்தை மூக்குக்கு அருகே வைத்துப் படித்தால் கண் கெட்டுவிடாது. அந்தக் குழந்தைக்கு அதுதான் உருப்பெருக்கி. கண் ஆடிக்கொண்டே இருக்கும் குழந்தை தலையை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு பார்த்தால், அந்தக் கோணத்தில்தான் ஆட்டம் அடங்கி உருவம் தெளிவாகிறது. "தலையை நேரே வை" என்று அதட்டினால் அதன் பார்வையைப் பிடுங்கியதாகிவிடும்.

பிரெயில் பேச்சு வரும்போது இந்தக் குடும்பங்கள் தயங்குகின்றன. பிரெயிலைக் கற்பித்தால் பிள்ளை குருடு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற உறுத்தல். அதோடு, போன் எல்லாவற்றையும் படித்துச் சொல்கிறதே, இன்னும் எதற்கு என்ற கேள்வி. கேட்டுக் கற்பது நல்லதுதான். ஆனால் எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, பத்தி, கணக்குச் சமன்பாடு, இசைக்குறிப்பு இவையெல்லாம் காதில் விழுந்து பழகுபவை அல்ல. பெரிய எழுத்தைப் படித்து அரை மணியில் தலைவலி வரும் பிள்ளைக்கு, கண் ஓய்வெடுக்கும்போது விரல் படிக்கலாம். இரண்டும் கற்கட்டுமே. ஆறு புள்ளிகள், 63 அமைப்புகள், அவ்வளவுதான். கண்ணால் பார்த்துப் பிரெயில் படிக்கப் பெற்றோருக்குச் சில வாரங்கள் போதும். வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் பிள்ளை எழுதிய கடிதத்தைப் படிக்க ஆள் இருக்கும்.

கணினித் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரை வாசிப்பான் 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் தொடங்கியது, இன்றும் இலவசம். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று போனுக்குள்ளேயே இருக்கின்றன. விலையுயர்ந்த கருவி வாங்குமுன் இவற்றைப் பழக்கிப் பாருங்கள் என்பேன்.

எந்தப் பள்ளி

சிறப்புப் பள்ளியா, எல்லோரும் படிக்கும் பள்ளியா? இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது, ஆனால் அதைச் சோதிக்க நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. 1996இல் ஃபில் ஹாட்லென் என்ற அமெரிக்கக் கல்வியாளர் பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு வழக்கமான பாடத்துக்கு மேல் என்னவெல்லாம் கற்பிக்க வேண்டும் என்று தொகுத்தார். மற்ற பிள்ளைகள் பார்த்தே கற்றுவிடுபவை அவை: தனியே நடமாடுவது, உடுத்துவது, சமைப்பது, பிறரிடம் பழகுவது, விளையாடுவது, வேலைகளைப் பற்றித் தெரிந்துகொள்வது, கருவிகளைக் கையாள்வது, தனக்கு வேண்டியதைத் தானே கேட்பது. பள்ளியிடம் கேட்க வேண்டியது இதுதான்: இவற்றை யார் கற்பிப்பார், வாரத்துக்கு எவ்வளவு நேரம்? பெரிய கட்டடமும் நல்ல மனமும் இருந்தும் இதற்குப் பதில் இல்லாத பள்ளிகள் உண்டு.

பக்கத்துப் பள்ளியில் படிப்பது புதிய யோசனை அல்ல. 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்ததால் உலகம் முழுவதும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். அமெரிக்காவில் அவ்வளவு பேரை விடுதிப் பள்ளிகள் தாங்கவில்லை. பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் விரும்பினார்கள். ஊர்ப் பள்ளிகளுக்கு வந்துபோகும் சிறப்பாசிரியர் முறை அங்கே வேகமாக வளர்ந்தது அப்படித்தான். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு பிரெயில், நடமாட்டப் பயிற்சி இரண்டையும் பெயர் சொல்லியே கல்வி உரிமைக்குள் வைக்கிறது. அதில் இணைந்த நாட்டில் வாழும் பெற்றோர் பள்ளியிடம் சலுகை கேட்கவில்லை, உரிமை கேட்கிறார்கள்.

நடைமுறையில் தகராறு வருவது பாடப்புத்தகத்தில். பள்ளி திறந்த பிறகு பிரெயில் நூல் கேட்டால் அரையாண்டில் வரும். வரைபடமும் கணக்கும் உள்ள நூலை மாற்ற மாதங்கள் ஆகும் என்பதால் முந்தின வகுப்பு முடியும் முன்பே கேட்டுவிட வேண்டும். 2013இல் கையெழுத்தாகி 2016இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை இதில் துணை. பதிப்புரிமை அனுமதிக்குக் காத்திராமல் நூல்களைப் பிரெயிலாகவோ ஒலியாகவோ மாற்றவும், உறுப்பு நாடுகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளவும் அது வழி செய்கிறது.

வகுப்பில் உதவியாளர் ஒருவரைப் பக்கத்திலேயே உட்காரவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சில நேரம் அவசியம். ஆனால் பென்சில் எடுத்துத் தருவதிலிருந்து பேச்சுக்குப் பதில் சொல்வது வரை அவரே செய்தால், மற்ற பிள்ளைகள் அந்தப் பெரியவரைத் தாண்டி இவனிடம் வரமாட்டார்கள். இடைவேளையில் அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.

யாரோடு பேசுவது

பிரெயில் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயிலின் கதையில் எல்லோரும் ஆறு புள்ளிகளைச் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தின பகுதிதான் முக்கியம். 1809இல் பாரிஸுக்குப் பக்கத்தில் கூப்வ்ரே என்ற கிராமத்தில் பிறந்து, மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் கண்ணைக் குத்திக்கொண்டு, ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் இழந்த பையன். தந்தை கோல் செய்து கொடுத்து நடக்கவிட்டார். பாதிரியார் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஊர் ஆசிரியர் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். ஊர்ப் பிரபு எழுதிய கடிதத்தால் 1819இல் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் இடம் கிடைத்தது. இவர்களில் ஒருவரும் நிபுணர் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நிபுணர் தர முடியாத ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பெற்றோர் தங்கள் குழந்தையைத் தவிர வேறொரு பார்வையற்றவரோடு பழகியதே இல்லை. அதனால் பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்தால் மனத்தில் இருட்டுதான் வருகிறது. வேலைக்குப் போகும், குடும்பம் நடத்தும், கோபப்படும், ஜோக் அடிக்கும் ஒரு பார்வையற்ற பெரியவரோடு ஒரு மணி நேரம் பேசினால் கேள்விகளே மாறிவிடும். "என்ன ஆவான்" என்பது போய் "பஸ் எண்ணை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்" என்று வரும். பார்வையற்றோர் சங்கங்களைப் பெற்றோர் உதவித்தொகைக்காக மட்டும் அணுகுவது வீண். ஆட்களைத் தேடிப் போங்கள்.

மற்ற பெற்றோரும் வேண்டும், ஆனால் குழுவைத் தேர்வதில் கவனம். நோய் அரிதானதாக இருந்தால் அதே நோய்க்கான குழுவில்தான் நுணுக்கமான தகவல் கிடைக்கும். உங்கள் ஊரில் எந்தப் பள்ளி, எந்த அலுவலகம் என்பதற்கு ஊர்க் குழு. இரண்டும் ஒன்றாக இருக்காது. எப்போதும் அதிசய சிகிச்சையைப் பற்றியே பேசும் குழுவிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். மரபணு சிகிச்சை உண்மையில் இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லக்ஸ்டர்னா அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் அது ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும். எல்லாக் கண் நோயையும் ஸ்டெம் செல்லால் சரிசெய்வதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் இடம் வேறு ரகம். மரபணுப் பரிசோதனை செய்து, நேர்மையான ஆய்வுப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு, குழந்தையை வளர்க்கும் வேலையைப் பாருங்கள்.

குடும்பத்துக்குள் நடப்பதும் உதவி தேடுவதில் சேரும். யார் பரம்பரையில் வந்தது என்ற விசாரணை தொடங்கினால் அதை மரபணு ஆலோசகரிடம் கொண்டுபோக வேண்டும், உறவினர் கூட்டத்தில் வைக்கக்கூடாது. அண்ணனோ அக்காவோ தன் பங்குக் கவனம் போய்விட்டதை வாய்திறந்து சொல்லாது. அவர்களுக்கென்று தனி நேரம் வேண்டும். தம்பிக்குக் கண் ஏன் தெரியவில்லை என்று பள்ளியில் கேட்டால் சொல்ல ஒரு வரியும் வேண்டும். பார்வை குறைந்துவரும் பிள்ளை திடீரென்று இல்லாத உருவங்கள் தெரிகின்றன என்று சொன்னால் பயப்பட வேண்டாம். சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்ற பெயரில் அறியப்பட்ட விஷயம் அது, குழந்தைகளுக்கும் வரும். மனநோய் என்று நினைத்துப் பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

சரி, இவ்வளவையும் எப்படி ஒன்றாகப் பிடிப்பது? ஒரே ஒரு தாள் போதும். குழந்தை எதைப் பார்க்கிறது, எந்த எழுத்தளவில் படிக்கிறது, எந்த வெளிச்சம் ஒத்துவராது, எதைத் தானே செய்யும், எதில் உதவி வேண்டும், அடுத்த பரிசோதனை எப்போது, யாரை அழைக்க வேண்டும். பள்ளியோ வகுப்போ மாறும்போதும், பார்வை மாறும்போதும் அதைத் திருத்தி எழுதுங்கள். முதலில் நீங்கள் எழுதுவீர்கள். எட்டு, ஒன்பது வயதில் பிள்ளை சொல்ல நீங்கள் எழுதலாம். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது அதைப் பிள்ளையே தட்டச்சு செய்து, புது ஆசிரியரிடம் தானே கொடுக்கட்டும். அவர் ஏதாவது கேட்டால் பிள்ளை பதில் சொல்லும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.